எமிலி டிக்கின்சன் கவிதைகளில் கடவுளும் சாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு கூடி எமிலி டிக்கின்சனை வாசிக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் சாவைப் பற்றிக் கேட்பார்கள், மறு மாதம் கடவுளைப் பற்றிக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். நடுவில் வரும் கவிதை வரிகள் எல்லாம் என் கைத்தமிழ். மூலத்தின் ஓசை இதில் இருக்காது. பொருளாவது சேதமில்லாமல் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில், யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1830 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். 1886 மே 15 அன்று, பிறந்த அதே வீட்டில் இறந்தார். அப்பா எட்வர்ட் வக்கீல். ஊர்க் கல்லூரியின் பொருளாளர். அண்ணன் ஆஸ்டின், தங்கை லவீனியா. எமிலி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பதுகளில் தொடங்கி, வீட்டு எல்லையைத் தாண்டுவதே அபூர்வமாகிவிட்டது. ஏறக்குறைய 1,800 கவிதைகள் எழுதினார். அவர் காலத்தில் அச்சேறியவை பத்துச் சொச்சம்தான், அவையும் பெயர் போடாமல். தாளை மடித்து ஊசிநூலால் தைத்து 40 சின்ன ஏடுகள் செய்து, 800க்கு மேற்பட்ட கவிதைகளை அவற்றில் படியெடுத்து வைத்திருந்தார். அவர் போன பிறகு லவீனியா கண்டெடுத்தார்.

நாத்திகரா, ஆத்திகரா? ஒரே வார்த்தையில்.

ஒரே வார்த்தையில் முடியாது. இரண்டு கட்சிக்காரர்களுக்கும் அவரிடம் சரக்கு உண்டு, அதுதான் சிக்கல்.

பக்தர்கள் கையில் எடுக்கும் கவிதை ஒன்று உண்டு: நான் கடலைப் பார்த்ததில்லை, ஆனாலும் அலை எப்படி இருக்கும் என்று தெரியும், கடவுளோடு பேசியதில்லை, ஆனாலும் அந்த இடம் எனக்கு நிச்சயம், டிக்கெட் கையில் இருப்பதுபோல. மறு கட்சி எடுப்பது 1882 வாக்கில் எழுதிய இன்னொன்றை: அந்தக் காலத்தில் செத்தவர்களுக்குத் தாங்கள் எங்கே போகிறோம் என்று தெரிந்திருந்தது, கடவுளின் வலது கைக்குப் போனார்கள், 'அந்தக் கை இப்போது துண்டிக்கப்பட்டுவிட்டது, கடவுளைக் காணவில்லை.' இரண்டும் ஒரே கையெழுத்து.

நான் கேள்வி கேட்பவர்களுக்குக் காட்டுவது ஒரு கடிதத்தை. அதே 1882-ல், அப்பாவின் நண்பரும் பிற்காலத்தில் எமிலியின் மனசுக்கு நெருக்கமானவருமான நீதிபதி ஓட்டிஸ் லார்டுக்கு எழுதியது. நமக்கு ஒன்றுமே தெரியாத விஷயங்களில், 'ஒரு மணி நேரத்துக்குள் நூறு தடவை நம்புகிறோம், நூறு தடவை நம்பாமல் போகிறோம்' என்கிறார். அதோடு விட்டிருந்தால் புலம்பலாகப் போயிருக்கும். அடுத்து ஒரு வால் சேர்க்கிறார்: அதனால்தான் நம்பிக்கை சுறுசுறுப்பாக இருக்கிறது.

கை காலை ஆட்டாமல் வைத்தால் மரத்துப்போகும் இல்லையா, நம்பிக்கையையும் அப்படித்தான் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தேகத்தை அவர் கடந்து போகவேண்டிய ஆறாக நினைக்கவில்லை. அதிலேயே தினமும் நீந்திக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்திலேயே 'நம்பிக்கை இல்லாதவள்' என்று முத்திரை குத்தினார்களாமே?

உண்மைதான், ஆனால் சினிமாவில் வருவதுபோல அல்ல.

1847-ல், பதினாறு வயதில், பக்கத்து ஊரான சவுத் ஹேட்லியில் மேரி லயன் நடத்திவந்த மவுன்ட் ஹோலியோக் பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். அங்கே மாணவிகளை ஆன்மிக நிலையை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். இரட்சிக்கப்பட்டோம் என்று அறிக்கை செய்தவர்கள் ஒரு பக்கம். செய்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை தருபவர்கள் இன்னொரு பக்கம். நம்பிக்கைக்கு இடமில்லாதவர்கள் மூன்றாவது. எமிலி மூன்றாவதில் இருந்தார். படிப்பை விட்டு 1848-ல் வீடு திரும்பும்போதும் அதே இடத்தில்தான் இருந்தார். எல்லோரும் எழுந்து நிற்க அவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மூன்றாவது வரிசையில் அவர் தனி ஆள் இல்லை, வேறு பெண்களும் இருந்தார்கள்.

தனித்துப்போனது ஊருக்குத் திரும்பிய பிறகு. 1850-ல் ஆம்ஹர்ஸ்டில் பெரிய எழுப்புதல் வந்தது, ஊரே பக்தியில் கொதித்துச் சபையை நோக்கி ஓடும் அலை. நம் ஊர் எழுப்புதல் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு புரியும். அந்த ஆண்டு அப்பா சபையில் சேர்ந்தார், லவீனியாவும் சேர்ந்தார், 1856-ல் ஆஸ்டினும் போய்விட்டார். சபையில் சேருவது என்றால் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பெஞ்சில் உட்காருவது மட்டும் அல்ல. கிறிஸ்து என்னைத் தொட்டார், எனக்குள் மாற்றம் நடந்தது என்று சபைக்கு முன்னால் சாட்சி சொல்லவேண்டும். எமிலிக்கு அந்த மாற்றம் நடக்கவில்லை. நடந்ததாகச் சொல்லவும் வாய் வரவில்லை. 'கிறிஸ்து இங்கே எல்லோரையும் கூப்பிடுகிறார், என் தோழிகள் எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் கலகக்காரியாகத் தனியே நிற்கிறேன்' என்று அந்த ஏப்ரலில் ஒரு தோழிக்கு எழுதினார். கூப்பிடவே இல்லை என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள்.

கடைசிவரை எந்தச் சபையிலும் அவர் பெயர் ஏறவில்லை.

இத்தனை சாவு ஏன்? ஏதாவது மனநோயா?

இந்தக் கேள்வியை எரிச்சல் இல்லாமல் எடுத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. இன்று நாம் சாவை ஐ.சி.யூ. கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டோம். அங்கே, அந்தக் காலத்தில், சாவு வீட்டுக் கட்டிலில் நடந்தது.

1840 முதல் 1855 வரை, அதாவது ஒன்பது வயதிலிருந்து இருபத்து நாலு வயதுவரை, எமிலியின் குடும்பம் நார்த் பிளெசன்ட் தெருவில் குடியிருந்தது. ஊர் இடுகாட்டை ஒட்டிய வீடு. சவ ஊர்வலங்களைப் பார்க்காமல் அங்கே ஒரு பெண் வளர வழியில்லை.

1844-ல், அவருக்குப் பதின்மூன்று வயது. சொந்தக்காரப் பெண்ணும் தோழியுமான சோஃபியா ஹாலந்து சாகக் கிடந்தார். எமிலியும் கூட இருந்து பார்த்துக்கொண்டார். நினைவு தப்பிய பிறகு அறைக்குள் விடவில்லை. ஒரு தடவை முகத்தைப் பார்க்க விட்டால்தான் ஆயிற்று என்று நின்றார், டாக்டர் சம்மதித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் நடந்து போய், கதவு நிலையில் நின்றார். சோஃபியா உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்போல அழகாகப் படுத்திருந்தார், முகத்தில் இருந்தது இந்த உலகத்துச் சிரிப்பு இல்லை என்று இரண்டு வருஷம் கழித்துத் தோழி அபயா ரூட்டுக்கு எழுதுகிறார். பார்க்க விட்டவரை பார்த்தேன், போதும் என்றதும் கூட்டிக்கொண்டு போக விட்டேன், அழவில்லை, நெஞ்சு அவ்வளவு நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு மனம் தேறாமல் போகவே, பெற்றோர் பாஸ்டனில் இருந்த சித்தி வீட்டுக்கு ஒரு மாதம் அனுப்பிவைத்தார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவு நிலையில் நின்று பார்க்கும் அந்தப் பெண்தான் பிற்பாடு அவர் எழுதிய சாவுக் கவிதைகள் எல்லாவற்றிலும் நிற்கிறார் என்பது என் எண்ணம். ஒப்பாரி வைக்க அவர் வரவில்லை, பார்க்க வந்திருக்கிறார்.

பிறகு உள்நாட்டுப் போர். கல்லூரித் தலைவரின் மகன் ஃப்ரேசர் ஸ்டெர்ன்ஸ் 1862 மார்ச் 14 அன்று வட கரோலினாவில் நியூபெர்ன் சண்டையில் குண்டுபட்டு இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தை யாரும் பார்க்க டாக்டர்கள் விடவில்லை, பெற்ற தகப்பன்கூடப் பார்க்கவில்லை என்று எமிலி எழுதுகிறார். 1862, 1863 இந்த இரண்டு வருஷத்தில் மட்டும் அவர் எழுதியவை 500 கவிதைகளுக்கு மேல்.

சாவுக் கட்டிலில் அப்படி என்னதான் தேடினார்கள்?

அத்தாட்சி.

அந்த ஊர்க் கிறிஸ்தவர்களின் நம்பிக்கைப்படி, யாருக்கு இரட்சிப்பு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார். மனிதருக்கு அது தெரியாது. தெரிய ஏதாவது வழி உண்டென்றால் அது கடைசி மணி நேரம். சாகிறவர் அமைதியாகப் போனாரா, சம்மதத்தோடு போனாரா, முகம் மலர்ந்ததா, கடைசியாக என்ன சொன்னார்? இதையெல்லாம் உறவினர்கள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள், வெளியூர்க்காரர்களுக்குக் கடிதத்தில் விவரமாக எழுதுவார்கள்.

எமிலியும் இதைக் கேட்டிருக்கிறார். அப்பாவிடம் வக்கீல் தொழில் பழகிய பென்ஜமின் நியூட்டன், எமிலிக்குப் புத்தகங்களைச் சொல்லிக்கொடுத்த நண்பர், 1853-ல் காசநோயால் இறந்தார். அடுத்த ஜனவரியில், நியூட்டன் கடைசியாக இருந்த ஊரின் போதகருக்கு, முன்பின் தெரியாதவருக்கு, கடிதம் போட்டார்: அவர் சாகச் சம்மதமாக இருந்தாரா? வீடு போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அவர் இன்று பரலோகத்தில் இருக்கிறார் என்று நிச்சயமாகத் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

'நிச்சயமாக' என்ற சொல்லில்தான் வலி இருக்கிறது.

ஈ கவிதை ஏன் இவ்வளவு பிரபலம்? ஒரு ஈயில் என்ன இருக்கிறது?

மேலே சொன்ன சடங்கு மனசில் இருந்தால்தான் இந்தக் கவிதை தைக்கும். 1863 வாக்கில் எழுதியது. 'நான் செத்தபோது ஓர் ஈயின் ரீங்காரம் கேட்டது' என்று தொடங்குகிறது. பேசுவது செத்துப்போனவர்.

அறை அசைவில்லாமல் இருக்கிறது, புயல் ஒரு மூச்சு விட்டு அடுத்த மூச்சு எடுக்கும் இடைவெளியில் காற்று நிற்குமே, அப்படி. சுற்றி நின்ற கண்கள் அழுது வற்றிவிட்டன. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அந்தக் கடைசி நொடிக்காக, 'ராஜா அறைக்குள் வந்ததைச் சாட்சியாகக் காண்பதற்காக.' ராஜா யார் என்று அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள், கிறிஸ்து. சாகிறவர் தன் சாமான்களை இன்னாருக்கு இன்னது என்று எழுதிக் கொடுத்துவிட்டார், என்னில் எழுதிக் கொடுக்கக்கூடிய பாகத்தை மட்டும் என்கிறார். வக்கீல் வீட்டுப் பெண் இல்லையா, சொத்துப் பத்திரத்தின் பாஷை சர்வசாதாரணமாக வருகிறது.

எல்லாம் தயார். வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது ஒரு ஈ வருகிறது.

நீல நிறத்தில், தட்டுத் தடுமாறி, எங்கே போவது என்று புரியாமல் ரீங்கரித்துக்கொண்டு, 'வெளிச்சத்துக்கும் எனக்கும் நடுவே.' பிறகு ஜன்னல்கள் கைவிட்டன. பிறகு, பார்ப்பதற்குப் பார்வை இல்லை. முடிந்தது.

இந்த ஈயை வைத்துப் பெரிய ஆராய்ச்சிகள் உண்டு. பைபிளில் வரும் பெயல்செபூல் ஈக்களின் அதிபதி, ஆகவே சாத்தான் என்கிறார்கள். பிணத்தை மொய்க்கும் ஈ, ஆகவே அழுகல் என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் ஒப்புதல் இல்லை. அது வெறும் ஈ. வெயில் காலத்தில் எந்த நோயாளி அறையிலும் ஜன்னல் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்கும் ஈ. அது எதற்கும் அடையாளம் இல்லை என்பதுதான் பயங்கரம். அண்டசராசரத்தின் அதிபதியை எதிர்பார்த்து ஊரே மூச்சடக்கி நிற்கும் இடத்தில், அர்த்தமே இல்லாத ஒன்று குறுக்கே வந்துவிட்டது.

ஆனால் ராஜா வரவில்லை என்று கவிதை எங்கும் சொல்லவில்லை. ஈ மறைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அதற்கு அந்தப் பக்கம் வெளிச்சம் இருந்தது. நம்பிக்கையற்றவர்கள் இந்தக் கடைசிக் கொக்கியைக் கவனிக்காமல் போகிறார்கள், நம்பிக்கையுள்ளவர்கள் ஈயையே கவனிக்காமல் போகிறார்கள்.

மரணம் வண்டியில் கூட்டிக்கொண்டு போகும் கவிதை காதல் கவிதைதானே?

பாதிவரை. 'மரணத்துக்காக நிற்க எனக்கு நேரமில்லை, அவரே அன்போடு எனக்காக நின்றார்' என்ற தொடக்கம் மாப்பிள்ளை வண்டியோடு வந்து நிற்பதுபோலத்தான் இருக்கும். வண்டியில் மூன்றாவதாக அமரத்துவமும் ஏறிக்கொள்கிறது, துணைக்கு வரும் அத்தைபோல. பள்ளிக்கூடம், கதிர் முற்றிய வயல், மறையும் சூரியன் என்று வண்டி நிதானமாகப் போகிறது.

பிறகு ஒரு திருத்தம்: நாங்கள் சூரியனைத் தாண்டவில்லை, அதுதான் எங்களைத் தாண்டியது. குளிர் ஏறுகிறது. உடம்பில் இருப்பது சல்லாத்துணி. 1890-ல் முதல் தொகுப்பு வந்தபோது பதிப்பாளர்கள் இந்தப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டார்கள்; 'தேர்' என்று ஒரு தலைப்பும் ஒட்டினார்கள். குளிர் போன பிறகு மிச்சம் இருப்பது உல்லாசப் பயணம்.

வண்டி போய் நிற்கும் இடத்தையும் பாருங்கள். பரலோக வாசல் இல்லை. தரை கொஞ்சம் வீங்கினாற்போல ஒரு வீடு. கூரை கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். அதற்குப் பிறகு நூற்றாண்டுகள் போய்விட்டன, ஆனால் குதிரைகளின் தலை நித்தியத்தை நோக்கி இருக்கிறது என்று 'நான் ஊகித்த' அந்த நாளைவிட அவை சின்னதாகத் தெரிகின்றன. ஊகித்தாராம். செத்துச் சில நூற்றாண்டு ஆன பிறகும் இந்த அம்மாளுக்கு ஊகம்தான்.

கடவுளைத் திட்டவும் செய்கிறாரே?

நன்றாகவே. ஆரம்பகாலக் கவிதை ஒன்றில் இரண்டு பேரை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்து கடவுள் வாசலில் பிச்சைக்காரியாக நின்று, 'திருடனே! வட்டிக்கடைக்காரனே! அப்பனே! மறுபடி நான் ஏழை' என்கிறார். அடுக்கு முறை முக்கியம். முதல் இரண்டையும் சொல்லிவிட்டு அப்பனே என்கிறார்.

நம் வாசகர் ஒருவர் உடனே சொன்னார், இது நிந்தாஸ்துதி, கண்பார்வை போன சுந்தரர் திருவாரூரில் 'வாழ்ந்து போதீரே' என்று சிவனை வைததுபோல என்று. உரிமை ஒன்றுதான். வேறுபாடு, சுந்தரருக்கு எதிரே ஆள் இருப்பதில் சந்தேகம் கிடையாது. எமிலி வைதுவிட்டு, கேட்டதா என்று காத்திருக்கிறார்.

கவிதை உலகில் தனக்கு வழிகாட்டியாக வரித்துக்கொண்ட தாமஸ் ஹிக்கின்சனுக்கு 1862-ல் தன் குடும்பத்தை அறிமுகப்படுத்தும்போது, அவர்கள் எல்லோரும் பக்திமான்கள், என்னைத் தவிர. தினமும் காலையில் ஒரு கிரகணத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள், அதைப் பிதா என்கிறார்கள் என்று எழுதினார். கிரகணம் என்ற சொல் சும்மா விழவில்லை. சூரியன் இல்லை என்று யாரும் கிரகணத்தைப் பார்த்துச் சொல்வதில்லை.

ஆனால் 1884 வாக்கில் எழுதிய உறைபனிக் கவிதையில் இந்தச் செல்லம் எல்லாம் இல்லை. விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு பூவின் தலையைப் பனி போகிற போக்கில் கொய்துவிடுகிறது. வெளுத்த கொலைகாரன் நடையைக் கட்டுகிறான். சூரியன் அசராமல் இன்னொரு நாளை அளந்து போடுகிறது, 'சம்மதம் தெரிவிக்கும் ஒரு கடவுளுக்காக.' அவர் எழுதியதிலேயே என்னை அதிகம் நடுங்கவைத்த கடைசி வரி இதுதான்.

உறைபனிக் கவிதைக்கு முன்னால் ஏதாவது நடந்ததா?

நடந்தது. 1874 ஜூனில் அப்பா பாஸ்டனில் திடீரென்று போனார். 1882 நவம்பரில் அம்மா. 1883 அக்டோபர் 5 அன்று ஆஸ்டினின் கடைக்குட்டி கில்பர்ட், எட்டு வயது, டைபாய்டு.

அண்ணன் வீடு அடுத்த காம்பவுண்டுதான். பல ஆண்டுகளாக எமிலி அங்கே கால் வைத்ததில்லை. அந்த ராத்திரி போனார். கிருமிநாசினி நெடி தாங்காமல் விடிவதற்குள் திரும்பவேண்டியதாயிற்று, பிறகு வெகுநாள் படுக்கை. காய்ச்சல் மயக்கத்தில் குழந்தை சொன்னதை அவர் ஒரு கடிதத்தில் பதிந்திருக்கிறார்: 'கதவைத் திற, கதவைத் திற, எனக்காகக் காத்திருக்கிறார்கள்.' காத்திருந்தது யார்? அதைத் தெரிந்துகொள்ள எங்களிடம் உள்ள அத்தனையையும் கொடுத்துவிடுவோம் என்கிறார்.

இருபது வருஷத்துக்கு முந்தைய ஈ கவிதையின் அறையே மறுபடி. இந்தத் தடவை சாகிறவன் எதையோ பார்த்துவிட்டான். கட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்குத்தான் தெரியவில்லை.

'இந்த உலகம் முடிவல்ல' என்று அடித்துச் சொன்னவர் ஆயிற்றே?

அந்தக் கவிதையின் முதல் வரியில் ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறது. எமிலி முற்றுப்புள்ளி வைப்பவரே இல்லை. எங்கு பார்த்தாலும் கோடு, கோடு. இங்கே மட்டும் அடித்து வைத்தாற்போல ஒரு புள்ளி. இந்த உலகம் முடிவல்ல. தீர்ந்தது விஷயம்.

தீரவில்லை. அடுத்த பத்தொன்பது வரிகள் அந்தப் புள்ளியை அரித்துத் தின்கின்றன. அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது, இசைபோலக் கண்ணுக்குத் தெரியாது, ஓசைபோல உறுதி. அழைக்கிறது, குழப்புகிறது. தத்துவத்துக்குத் தெரியவில்லை. விசுவாசம் என்னும் பெண் வழுக்கி விழுகிறாள், சிரித்துக்கொண்டு எழுகிறாள், யாராவது பார்த்துவிட்டார்களா என்று வெட்கப்படுகிறாள், அத்தாட்சி என்ற சுள்ளியைப் பற்றிக்கொள்கிறாள், காற்றுத்திசைகாட்டியிடம் வழி கேட்கிறாள். பிரசங்க மேடையில் கையாட்டல் பலமாக இருக்கிறது, அல்லேலூயா முழங்குகிறது. கடைசியாக: ஆன்மாவைக் கொறிக்கும் பல்லை எந்த மயக்கமருந்தும் அடக்காது.

1896-ல் இதை அச்சிட்டவர்கள் முதல் பன்னிரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். வழுக்கி விழுந்த பெண்ணும் இல்லை, பல்லும் இல்லை.

அறிவியல் படித்துக் கெட்டுப்போனாரா?

ஆம்ஹர்ஸ்ட் கல்லூரித் தலைவராக இருந்த எட்வர்ட் ஹிட்ச்காக் புவியியலாளர், கனெக்டிகட் பள்ளத்தாக்குப் பாறைகளில் பதிந்த ஆதிகாலக் கால்தடங்களைச் சேகரித்தவர், போதகரும்கூட. எனவே பாறையும் பைபிளும் ஒத்துப்போகும் என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அது. டார்வின் வந்த பிறகு அந்தச் சமாதானம் ஆட்டம் கண்டது. 'நம்பிக்கை நல்ல கண்டுபிடிப்பு, கண் தெரியும் கனவான்களுக்கு. அவசரத்துக்கு நுண்ணோக்கிதான் உத்தமம்' என்று நாலு வரி எழுதினார். கேலிக்கு மேல் அதில் கனம் ஏற்றவேண்டாம். நுண்ணோக்கியில் தெரியாத ஒன்றைத்தான் வாழ்நாள் முழுக்கத் தேடினார்.

சர்ச்சுக்குப் போகவே மாட்டாரா?

சின்ன வயதில் தவறாமல் போனார். முப்பதை ஒட்டி நிறுத்திவிட்டார். சிலர் சர்ச்சுக்குப் போய் ஓய்வுநாள் அனுசரிக்கிறார்கள், நான் வீட்டில் இருந்தே அனுசரிக்கிறேன், பாடகர் குழுவுக்கு ஒரு பறவை என்று ஒரு குறும்புக் கவிதை உண்டு. இங்கே பிரசங்கம் கடவுளே செய்கிறார், நீளமாக இருப்பதில்லை என்கிறார். பிரசங்கத்தில் கால் மரத்துப்போனவர்களுக்கு இது புரியும்.

நம்பாதவர் ஏன் கீர்த்தனை மெட்டில் எழுதினார்?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. எட்டு அசை, ஆறு அசை, எட்டு, ஆறு என்று மாறி மாறி வரும் ஞானப்பாட்டு யாப்பைத்தான் அவர் அதிகம் கையாண்டார். ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸின் பாட்டுப் புத்தகம் அந்த ஊர் வீடுகளில் சமையலறைச் சாமான்போல. (தமிழ்ச் சபைகளில் பாமாலை பாடுகிறவர்களுக்கும் இவர் அந்நியர் இல்லை, 'என் அருள் நாதா இயேசுவே' அவருடையதுதான்.) காது பழகிய மெட்டு அடுத்து என்ன வரும் என்று உறுதி கொடுக்கும். எமிலி அந்த உறுதியைக் கொடுத்துவிட்டு, எதுகை விழவேண்டிய இடத்தில் அரைகுறையாக ஒட்டும் ஒரு சொல்லைப் போடுவார். வரியை நடுவில் கோடு போட்டு அறுப்பார். ஜெபம் பாதியில் நின்றாற்போல இருக்கும். கூட்டத்தில் ஒருவர் இந்தக் கவிதைகளைத் தாளம் தட்டிப் படித்துப் பார்த்தார். ஈ கவிதையின் கடைசி வரிக்கு வந்ததும் கை அதுவாக நின்றுவிட்டது.

கடைசிக் காலத்தில் மனம் திரும்பினாரா?

சபைக்காரர்கள் சொல்லும் பொருளில் இல்லை. 1886 வசந்தத்தில், உடம்பு முடியாத நிலையில் ஹிக்கின்சனுக்கு ஒரு கடிதம். ராத்திரி முழுக்கத் தேவதூதனோடு மல்லுக்கட்டிய யாக்கோபைப் பற்றி எழுதுகிறார். பைபிளில் யாக்கோபு, 'நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்' என்பான். எமிலி இதை, 'நான் உம்மை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்' என்று திருப்பிப் போட்டு, யாக்கோபு சொன்னது சரி என்று முடிக்கிறார். பைபிளைக் கரைத்துக் குடித்தவர். கைத்தவறு என்று என்னால் நம்ப முடியவில்லை.

மே மாதம் சித்தி மகள்களான நார்க்ராஸ் சகோதரிகளுக்கு ஒரே வரி: 'சின்னத் தங்கைகளே, திரும்ப அழைக்கப்பட்டேன்.' அப்போது பரவலாகப் படிக்கப்பட்ட ஒரு நாவலின் பெயரும் அதுதான், அவர் படித்திருந்தார். ஆகவே அதைச் சாட்சி என்றும் எடுத்துக்கொள்ளலாம், சாகும் தறுவாயில் அடித்த ஜோக் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இன்று கல்லறையில் பொறித்திருப்பதும் அந்த இரண்டு சொல்தான்.

மே 19 அன்று அடக்கம். வெள்ளைப் பெட்டி. ஹிக்கின்சன் வந்து, எமிலிக்குப் பிடித்த ஆங்கில எழுத்தாளர் எமிலி ப்ராண்டியின் கவிதை ஒன்றை வாசித்தார். வீட்டில் வேலை பார்த்த ஐரிஷ்காரர்கள் ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தெரு வழியாகப் போகாமல், பின்பக்கத்து மஞ்சள் பூ வயல்கள் வழியாக இடுகாட்டுக்குப் போனார்கள். சின்ன வயதில் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்த அதே இடுகாடு.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கவிதைகளுக்கு அவர் தலைப்பு வைக்கவில்லை. உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் தலைப்புகள் இருந்தால் அது பழைய, திருத்தப்பட்ட பதிப்பின் வழி வந்தது, மூடி வையுங்கள். 1955-ல் தாமஸ் ஜான்சன், 1998-ல் ஆர். டபிள்யூ. ஃப்ராங்க்ளின் செய்த பதிப்புகளில் கோடுகள் அப்படியே இருக்கும். முதலில் ஈ கவிதை, பிறகு முற்றுப்புள்ளிக் கவிதை, பிறகு உறைபனி. வண்டிக் கவிதையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அது ஏற்கெனவே பழகினாற்போல நடிக்கும். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். வாய்விட்டுப் படியுங்கள், கோடு வரும் இடத்தில் நில்லுங்கள்.